மூங்கில் யாருடையது?
கிராமப்புற வாழ்வாதாரத் திட்டங்களும் இடதுசாரி இயக்கத்தின் கடமையும்

(தில்லி முனிர்காவில், தலைநகர்வாழ் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இக்கூட்டம் நடைபெறும் முனிர்கா, தில்லியின் ‘நகர்ப்புறக் கிராமங்களில்’ ஒன்று. இவ்வூரின் வரலாற்றிலிருந்தே இன்றைய பொருளைத் தொடங்கலாம். ராமகிருஷ்ணபுரமும் வசந்த விகாரும் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகமும் எழுந்து நிற்கும் பரப்பில் முனிர்காவின் வயல்களும் அடங்கியிருந்தன. தலைநகர் விரிவாக்கத்திற்காக அவை கையகப்படுத்தப்பட்டன. எஞ்சியது, ‘லால் டோரா’ எனப்படும் குடியிருப்பு எல்லைக்குட்பட்ட சிறு பகுதி மட்டுமே. நிலம் இருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. எஞ்சிய மனையில் மாடிமேல் மாடி கட்டி வாடகை வாங்கும் வாய்ப்பும் கிடைத்தது. அதே வயல்களில் கூலிக்கு உழைத்தவர்களின் நிலை வேறு. 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் உடைமைக்கே விலை கொடுத்தது. இழந்த உழைப்புக்கு விலை கொடுக்கவில்லை.

இன்று இச்சந்துகளில் காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் பீகார், உத்தரப் பிரதேசம், மணிப்பூர், தமிழ்நாடு எனப் பல மாநிலத்தவர் வாழ்கின்றனர். அவர்களுள் உழைத்துப் பிழைக்க வந்தோர் ஒவ்வொருவருக்குப் பின்னும், பிழைக்க வழியற்றுப்போன ஒரு கிராமம் உள்ளது. ஊரில் வருமானம் இருந்திருந்தால் அவர்களுள் எத்தனை பேர் இங்கு வந்திருப்பார்கள்?

இக்கேள்விக்கு அரசும், தொண்டு நிறுவனங்களும், உலக வங்கியும் ஒரே விடையைத்தான் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றன: ஒதுங்கிக் கிடக்கும் கிராமங்களுக்கு வாழ்வாதாரத் திட்டம் கொடுங்கள், மக்களைக் குழுவாகச் சேருங்கள், தொழில் கற்றுக்கொடுங்கள், வருமானம் தானே வரும் என்கின்றனர். இடதுசாரி அணிகளுக்குள் இதுபற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. இவை வர்க்கப் போராட்டத்தை மழுங்கடிக்கும் சீர்திருத்த வேலைகள், இவற்றைத் தொடக்கூடாது என்பது ஒன்று. மக்களுக்கு நான்கு காசு கிடைக்கிறது, குறை சொல்லாமல் உதவுவோம் என்பது மற்றொன்று. இரண்டும் போதுமான விடைகள் அல்ல. எந்தத் திட்டம், யாருடைய வளத்தின் மீது, யாருடைய கட்டுப்பாட்டில் நடைபெறுகிறது என்று பார்க்காமல் இதில் முடிவுக்கு வர இயலாது.

மாடு வந்தது, தீவனம் வரவில்லை

சுதந்திர இந்தியாவில் 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. நிலச் சீர்திருத்தத்தைத் தொடாமலேயே கிராமத்தை முன்னேற்றிவிடலாம் என்ற கனவு அது. 1980இல் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. ஏழைக் குடும்பத்துக்கு மானியத்துடன் கடன் கொடுத்து ஒரு கறவை மாட்டையோ சில ஆடுகளையோ வாங்கித் தருவது அதன் நடைமுறை. மாடு வந்தது. ஆனால் மேய்ச்சல் நிலம் ஆக்கிரமிப்பில் இருந்தது. தீவனம் வாங்கக் காசில்லை. பாலைக் கொள்முதல் செய்ய அருகில் சங்கம் இல்லை. மாடு விற்கப்பட்டது அல்லது இறந்தது; கடன் மட்டும் உயிரோடு இருந்தது. நிலமற்றவரிடம் மாட்டைக் கொடுத்துவிட்டு, புல் எங்கிருந்து வரும் என்று கேட்காத திட்டம் வேறெப்படி முடியும்?

1999இல் அத்திட்டம் சுயஉதவிக் குழுக்களை மையமாகக் கொண்ட புதிய திட்டமாக மாற்றப்பட்டது. 2011இல் தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் வந்தது. தமிழ்நாட்டில் 1989லேயே தருமபுரியில், வேளாண் வளர்ச்சிக்கான பன்னாட்டு நிதியத்தின் உதவியுடன் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. பின்னர் அது மகளிர் திட்டமாக மாநிலம் முழுவதும் பரவியது.

இக்குழுக்கள் கிராமப்புறப் பெண்களை வீட்டுக்கு வெளியே கொண்டுவந்தன. வங்கி வாசலை மிதிக்க வைத்தன. கூட்டத்தில் பேச வைத்தன. இது உண்மையான முன்னேற்றம். இதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அதே காலகட்டத்தில் நவதாராளமயக் கொள்கை, கிராமப்புறப் பொது முதலீட்டைச் சுருக்கிக்கொண்டே வந்தது. பாசனம், விரிவாக்கப் பணி, கூட்டுறவுக் கடன், கொள்முதல் ஆகிய அனைத்திலிருந்தும் அரசு பின்வாங்கிய இடத்தில், ‘உன் வறுமையை நீயே போக்கிக்கொள்’ என்ற உபதேசத்துடன் குழுக் கடன் வந்து அமர்ந்தது.

அந்த வெற்றிடத்தில் யார் புகுந்தார்கள் என்பதை ஆந்திரப் பிரதேசம் காட்டியது. 2010இல் ஒரு பெரும் நுண்கடன் நிறுவனம் பங்குச் சந்தையில் நுழைந்து முதலீட்டாளர்களுக்குக் கொழுத்த ஆதாயம் ஈட்டித் தந்தது. அதே ஆண்டு அக்டோபரில், கடன் வசூல் கொடுமையால் நேர்ந்த தற்கொலைகளைத் தொடர்ந்து ஆந்திர அரசு அவசரச் சட்டம் பிறப்பிக்க வேண்டியிருந்தது. அதன்பின் ரிசர்வ் வங்கி வட்டிக்கு உச்சவரம்பு விதித்தது. 2022இல் அதையும் நீக்கிவிட்டது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றமும் கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கச் சட்டம் இயற்ற நேர்ந்தது. ஒரு பெண் செலுத்தத் தவறினால் குழுவின் பிற பெண்களே அவர் வீட்டு வாசலில் நிற்க வைக்கப்படுகின்றனர். ஒற்றுமைக்காக உருவான குழு, வசூல் முகவராக மாற்றப்படும் அவலம் இது.

மேண்டா லேகாவின் மூங்கில்

இதற்கு நேரெதிரான அனுபவம் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலிருந்து கிடைக்கிறது. தானோரா வட்டத்தில், காட்டுக்கு நடுவே உள்ளது மேண்டா லேகா. ஏறத்தாழ 100 கோண்டு பழங்குடிக் குடும்பங்கள் வாழும் சிற்றூர். சுற்றிலும் மூங்கில் காடு. ஆனால் அந்த மூங்கில் வனத்துறையுடையது என்றது 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம். காகித ஆலைக்குக் குத்தகையாகப் போகலாம். ஊர்க்காரர் வெட்டி விற்றால் திருட்டு. காட்டின் நடுவே வாழ்ந்தவர்கள் வறியவர்களாக இருந்தது வளம் இல்லாததால் அல்ல. வளம் சட்டப்படி அவர்களுடையதாக இல்லாததால்.

அவ்வூர் மக்களைத் திரட்டியது எந்த வருமானத் திட்டமும் அல்ல. 1980களில் இச்சம்பள்ளி, போபாலப்பட்டினம் அணைத் திட்டங்களால் காடும் ஊர்களும் மூழ்கும் ஆபத்து எழுந்தபோது நடைபெற்ற எதிர்ப்பு இயக்கமே அவர்களை ஒன்றாக்கியது. அப்போராட்டத்தின் தொடர்ச்சியாக ஊர் முழுவதும் கூடி, பெரும்பான்மை வாக்கால் அன்றி ஒருமித்த கருத்தால் முடிவெடுக்கும் கிராமசபை உருவாயிற்று. தேவாஜி தோஃபா போன்றவர்கள் வழிநடத்திய அவ்வூரின் முழக்கம் தில்லியில் கூடியிருப்போர் கேட்கத் தக்கது: “தில்லியிலும் மும்பையிலும் எங்கள் அரசு, எங்கள் ஊரில் நாங்களே அரசு.”

இடதுசாரிகளின் ஆதரவில் இயங்கிய முதலாவது ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியின்போது, 2006இல் வன உரிமைச் சட்டம் நிறைவேறியது. காலங்காலமாகச் சேகரித்துவந்த சிறு வனப்பொருள்களின் மீது அது வனவாழ் மக்களுக்கு உடைமை உரிமை அளித்தது. மூங்கிலையும் அப்பட்டியலில் சேர்த்தது. 2009இல் ஏறத்தாழ 1,800 ஹெக்டேர் காட்டின் மீது மேண்டா லேகாவின் சமூக வன உரிமை அங்கீகரிக்கப்பட்டது.

அதோடு முடியவில்லை. மூங்கிலை வெட்டலாம், ஆனால் காட்டைவிட்டு வெளியே கொண்டு செல்ல வனத்துறையின் போக்குவரத்து அனுமதிச் சீட்டு வேண்டும். பழைய வனச் சட்டத்தின்படி மூங்கில் மரமே என்று கூறி வனத்துறை சீட்டு தர மறுத்தது. விற்க முடியாத பொருளின் மீது உரிமை இருந்தென்ன? கிராமசபை பணியவில்லை. இரண்டாண்டு இழுபறிக்குப் பின், 2011 ஏப்ரல் 27 அன்று அன்றைய ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சர் அவ்வூருக்கே வந்து, அனுமதிச் சீட்டுப் புத்தகத்தைக் கிராமசபையிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. எவ்வளவு வெட்டுவது, எந்தப் பகுதியை விட்டுவைப்பது, கூலி எவ்வளவு, யாருக்கு விற்பது ஆகியவற்றைக் கிராமசபை தீர்மானித்தது. விற்ற பணம் கிராமசபையின் கணக்கில் சேர்ந்தது.

இங்கு வருமானத்தின் திறவுகோலாக இருந்தது ஒரு சீட்டுப் புத்தகம். எந்தப் பயிற்சி முகாமும் எந்தக் கடனும் தந்திருக்க முடியாததை அந்தப் புத்தகத்தின் மீதான அதிகாரம் தந்தது. அதே வேளையில் இதன் எல்லையையும் காண வேண்டும். 2017இல் ஒன்றிய அரசு வனச் சட்டத்தைத் திருத்தி மூங்கிலை ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கியபோது, அந்தச் சலுகை வனத்துக்கு வெளியே விளையும் மூங்கிலுக்கு மட்டுமே தரப்பட்டது. உரிமை பெறாத ஊர்களில் காட்டு மூங்கிலின் பிடி இன்னும் வனத்துறையின் கையில்தான்.

வடநெம்மேலியின் இருளர்கள்

தமிழ்நாட்டிலேயே உள்ள மற்றோர் அனுபவம், செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நிலமற்ற இருளர்கள் ஒருகாலத்தில் பாம்புத் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்தனர். ஆதாயம் தோல் வணிகருக்கு, ஆபத்து இருளருக்கு. 1972இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அத்தொழிலை மூடின. தடை அவசியமானதே. ஆனால் தடைசெய்த அரசு, அதனால் பிழைப்பிழந்தவர்களுக்கு வேறு வழி காட்டவில்லை.

1978இல், ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியுடன் கூட்டுறவுச் சங்கம் அமைக்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைப் பாம்புகளை அரசு அனுமதித்த எண்ணிக்கைக்குள் பிடிப்பர். சில வாரங்கள் வைத்திருந்து நஞ்சு எடுத்தபின், அடையாளமிட்டுக் காட்டில் விடுவர். அந்த நஞ்சு, நஞ்சுமுறி மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்குச் செல்கிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமப்புற ஏழைகள். அந்த ஏழைகளின் உயிரைக் காக்கும் மருந்தின் முதல் கண்ணி இருளரின் கையில் இருக்கிறது. 2023இல் இச்சமூகத்தின் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

தலைமுறை தலைமுறையாக வந்த மக்களின் அறிவையே மூலதனமாக ஏற்றதும், அதனைத் தனிநபர் ஆதாயமாக்காமல் கூட்டுறவாக அமைத்ததும் இத்திட்டத்தின் வலிமை. ஆனால் எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை ஆண்டுதோறும் அனுமதி தரும் அரசுத் துறை தீர்மானிக்கிறது. அனுமதி தாமதமானால் அடுப்பும் தாமதமாகிறது. நஞ்சை வாங்குவோரும் ஒருசில நிறுவனங்களே. சங்கத்தின் உறுப்பினர்கள் சில நூறு பேர் மட்டுமே. அதற்கு வெளியே வட மாவட்டங்களின் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்குக் கொத்தடிமைகளாகக் கட்டுண்ட செய்திகள், 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்து பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் வந்துகொண்டிருக்கின்றன. சிறந்த ஒரு சங்கம், ஒரு சமூகத்தின் நிலமின்மைக்கு மாற்றாகிவிடாது.

கேரளம் காட்டும் வேறுபாடு

ஓர் ஊர், ஒரு சங்கம் என்ற எல்லையை மாநில அளவில் உடைக்க முயன்றது கேரளத்தின் குடும்பஸ்ரீ. 1996இல் இடது ஜனநாயக முன்னணி அரசு தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம், மாநிலத் திட்ட நிதியில் கணிசமான பகுதியை உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. அந்த அடித்தளத்தின் மீதே 1998இல் குடும்பஸ்ரீ எழுந்தது. அயல்கூட்டம், வார்டு அளவிலான அமைப்பு, உள்ளாட்சி அளவிலான அமைப்பு என மூன்றடுக்கு, நிர்வாகிகளுக்குத் தேர்தல், ஊராட்சியுடன் இணைந்த திட்டமிடல். குத்தகை நிலத்தில் பெண்கள் கூட்டாகப் பயிரிடும் ‘சங்க கிருஷி’ அதன் சிறப்பு. பிற மாநிலங்களில் குழு என்றால் வங்கிக் கடனின் கடைசி முனை; இங்கு அது உள்ளாட்சி ஜனநாயகத்தின் முதல் முனை.

கோவையை ஒட்டியுள்ள அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகளின் மரணங்கள் நாட்டை உலுக்கின. ஒருகாலத்தில் அங்கு பெரும்பான்மையினராக இருந்த இருளர், முதுகர், குறும்பர் ஆகியோர் வந்தேறிய உடைமையாளர்களிடம் நிலத்தை இழந்து சிறுபான்மையினராகியிருந்தனர். கேழ்வரகும் சாமையும் விளைந்த புன்செய் போனது. அதோடு குழந்தையின் உணவும் போனது. அங்கு குடும்பஸ்ரீ ஊர்தோறும் சமூகச் சமையல்கூடங்களை நடத்தியது. பழங்குடிப் பெண்களே நிர்வகிக்கும் தனி அமைப்புகளை உருவாக்கியது. சிறுதானியச் சாகுபடியை மீட்க முனைந்தது. பயன் கிடைத்தது. ஆயினும் இழந்த நிலம் திரும்பாத வரையில் அப்பயன் நிலைபெறாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இடதுசாரி அரசு தொடங்கிய திட்டம் என்பதற்காக அதன் குறையை மறைப்பது மக்களுக்கும் உதவாது, இயக்கத்துக்கும் உதவாது.

வாச்சாத்தியின் பாடம்

தமிழ்நாட்டு மலைக் கிராமங்களின் வாழ்வாதாரத்தைப் பேசுகையில் வாச்சாத்தியை மறக்க இயலாது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டைத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அம்மலையடிவாரக் கிராமத்தைச் சூறையாடினர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். வீடுகள் நொறுக்கப்பட்டன, தானியம் பாழாக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொல்லப்பட்டன, கிணற்றில் எண்ணெய் ஊற்றப்பட்டது. ஓர் ஊரின் வாழ்வாதாரம் ஒரே நாளில் அரசுப் பணியாளர்களால் அழிக்கப்பட்டது. மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் தளராது நடத்திய போராட்டத்தால், 2011 செப்டம்பர் 29 அன்று உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். 2023 செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கோ குடும்பத்தினருக்கோ வேலை அல்லது சுயதொழில் வாய்ப்பு வழங்குமாறும், ஊரின் வாழ்வாதாரத்தை மேம்படுத்துமாறும் அரசுக்கு உத்தரவிட்டது. நீதி என்பது தண்டனையோடு முடிவதில்லை, பிழைப்பையும் மீட்டுத் தர வேண்டும் என்பதை ஏற்க வைக்க 31 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இங்கே ஒரு சுயவிமர்சனம் அவசியம். பட்டாவுக்காகவும் வன உரிமைக்காகவும் போராட இயக்கம் முன்னிற்கிறது. உரிமை கிடைத்த மறுநாள், கொடியும் ஊழியரும் அடுத்த போராட்டத்துக்குச் சென்றுவிடுகின்றனர். அதே நாளில் வியாபாரி வண்டியோடு வருகிறார். முன்பணம் கொடுக்கிறார். கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் அவர் சொல்லும் எடைக்கும் விலைக்கும் மலையிறங்குகின்றன. 1970களிலிருந்து இயங்கிவரும் மலைவாழ் மக்கள் பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் பல இடங்களில் நியாயவிலைக் கடையாகவும் நகைக் கடன் அலுவலகமாகவும் சுருங்கிவிட்டன. அவற்றின் நிர்வாகக் குழுவில் மலைமக்களின் குரல் ஒலிக்கிறதா, வனப்பொருளை உரிய விலைக்கு அவை கொள்முதல் செய்கின்றனவா என்று ஊழியர்கள் விசாரிப்பது அரிதாகவே உள்ளது. போராடிப் பெற்ற உரிமையைத் தரகரிடம் விட்டுவிடுவது பாதிப் போராட்டமே.

மார்க்சும் லெனினும்

கூட்டுறவு குறித்து மார்க்சியம் ஒருபோதும் அலட்சியம் காட்டியதில்லை. 1864இல் முதலாம் அகிலத்தின் தொடக்க உரையில், தொழிலாளர்களின் கூட்டுறவு ஆலைகளைப் பெரும் சமூகப் பரிசோதனைகளாக மார்க்ஸ் மதித்தார். முதலாளி இல்லாமலே உற்பத்தி நடக்கும் என்பதை அவை வாதத்தால் அன்றிச் செயலால் நிரூபித்தன என்றார். அதே உரையில், சிதறிய முயற்சிகளாக இருக்கும் வரை அவற்றால் ஏகபோகத்தின் வளர்ச்சியைத் தடுக்க இயலாது என்றும், அரசியல் அதிகாரத்தை வெல்வதே உழைக்கும் வர்க்கத்தின் தலையாய கடமை என்றும் வலியுறுத்தினார். நோயுற்ற நிலையில் 1923 ஜனவரியில் லெனின் சொல்லி எழுதச்செய்த ‘கூட்டுறவு பற்றி’ என்ற கட்டுரையும் இதே இழையைத் தொடர்கிறது. பழைய கூட்டுறவாளர்களின் கனவு ஏன் கனவாகவே நின்றது? அதிகாரம் யார் கையில் என்ற கேள்வியை அவர்கள் கேட்கவில்லை என்பதே அவரது விடை.

ஆகவே கூட்டுறவைப் புறக்கணிப்பதும் பிழை. அதையே விடுதலை எனக் கொள்வதும் பிழை.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

எந்தக் கிராமத்தில் எந்த வாழ்வாதாரத் திட்டம் வந்தாலும் கட்சி ஊழியர் நான்கு கேள்விகளை மக்களோடு சேர்ந்து எழுப்ப வேண்டும்.

முதலாவது, வளம் யாருடையது? நிலம், காடு, நீர், மேய்ச்சல் ஆகியவற்றின் மீது மக்களுக்கு உரிமை இல்லையெனில், அந்த உரிமைக்கான கோரிக்கை திட்டத்தோடு சேர்ந்தே எழ வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்ற இடைக்கால உத்தரவைக் காரணம் காட்டி வன உரிமைப் பட்டாக்கள் பல ஆண்டுகள் தாமதிக்கப்பட்டன. தனிநபர் பட்டாவோடு நின்றுவிடாமல் சமூக வன உரிமைக்கான மனுக்களைக் கிராமசபைகளில் நிறைவேற்றச் செய்வது உடனடிப் பணி.

இரண்டாவது, கணக்கு யார் கையில்? குழுவின் பேரேட்டை உறுப்பினர் அனைவரும் படிக்கவோ, படித்துக் கேட்கவோ முடிய வேண்டும். கணக்கை ஒருவர் மட்டும் அறிந்த குழுவில் ஜனநாயகம் இல்லை.

மூன்றாவது, விலையைத் தீர்மானிப்பவர் யார்? சிறு வனப்பொருளுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டம் 2013-14 முதல் பெயரளவில் உள்ளது. அந்த விலையில் கொள்முதல் நடக்கும் மையம் ஊருக்கு எட்டும் தொலைவில் இல்லையெனில், அது காகித விலையே.

நான்காவது, நட்டம் வந்தால் சுமப்பவர் யார்? மழை பொய்த்தாலும் சந்தை விழுந்தாலும் தவணை தவறக்கூடாது என்றால், திட்டத்தின் முழு ஆபத்தும் ஏழைப் பெண்ணின் தலையில்தான். குறைந்த வட்டியில் பொதுத்துறை, கூட்டுறவு வங்கிக் கடனும் இழப்புக் காப்பும் கோரிக்கைகளாக வேண்டும். வேலை உறுதி என்ற உரிமையும் இதோடு இணைந்தது. ஆண்டில் சில மாதங்களேனும் உறுதியான கூலி கிடைக்கும் ஊரில்தான் தரகரின் முன்பணத்தை மறுக்கும் துணிவு பிறக்கிறது.

தலைநகரில் வாழும் தமிழ்த் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரிலிருந்து வந்தவர்கள். பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்பும்போது, அங்குள்ள கிளையோடு அமர்ந்து இந்நான்கு கேள்விகளையும் விவாதிக்கலாம். குழுக் கடன் எந்த நிறுவனத்திடமிருந்து எந்த வட்டிக்கு வந்துள்ளது, கூட்டுறவுச் சங்கத் தேர்தல் கடைசியாக எப்போது நடந்தது, கிராமசபையில் என்ன தீர்மானம் நிறைவேறியது என்ற விவரங்களைத் திரட்டலாம். அமைச்சகங்களும் ஆணையங்களும் அமர்ந்திருக்கும் இந்நகரில், ஊரிலிருந்து வரும் மனுக்களைத் தொடர்ந்து கவனித்து விடை பெற்றுத் தருவதும் இங்குள்ளோர் செய்யக்கூடிய பணியே.

முனிர்காவின் வயல்களில் உழைத்தவர்களுக்கு நிலம் போனபோது ஏதும் கிடைக்கவில்லை. அவர்கள் பெயரில் ஏதும் எழுதப்பட்டிருக்கவில்லை. மேண்டா லேகாவில் காடு ஊரின் பெயரில் எழுதப்பட்டது. சீட்டுப் புத்தகம் ஊரின் கைக்கு வந்தது. ஒதுங்கிக் கிடக்கும் கிராமங்களுக்கு வருமானம் வேண்டும் என்போர், முதலில் அந்தச் சீட்டுப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்று கேட்கட்டும். அதை மக்களிடம் சேர்ப்பதும், சேர்த்தபின் அவர்களோடு நிற்பதும் இயக்கத்தின் கடமை.